மாதிரி பிழைக்கும் இடம்

1960களின் தொடக்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் சி. ராமகிருஷ்ணன் என்ற ஆய்வு மாணவர் ஒரு மேசைக் கணிப்பானை வைத்துக்கொண்டு ஒரே வகைக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. அதன் ஒவ்வொரு கண்ணியும் ஏறக்குறையத் தட்டையானது. சீட்டுக்கட்டு அட்டைகளை மூலைக்கு மூலை ஊசியால் கோத்துத் தொங்கவிட்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த இரண்டு அட்டைகள் ஒரு கார்பன் அணுவில் சந்திக்கின்றன. அந்த முனையில் இந்த அட்டையும் திரும்பலாம், அந்த அட்டையும் திரும்பலாம். ஆக, இரண்டே கோணங்கள். ஒரு புரதம் கயிறுபோல முறுக்கிக்கொள்ளுமா, தகடாக விரியுமா என்பதெல்லாம் இந்த இரண்டு கோணங்கள் ஒவ்வொரு முனையிலும் என்ன மதிப்பை எடுக்கின்றன என்பதில் அடங்கிவிடுகிறது. ஆனால் எந்தக் கோணமும் வந்துவிட முடியாது. சில திருப்பங்களில் ஓர் அணு இன்னோர் அணுவின் மேல் போய் இடிக்கும். எதில் இடிக்கும், எதில் இடிக்காது? கோணங்களைப் பத்துப் பத்துப் பாகையாக நகர்த்தினால்கூட 1296 நிலைகள் வருகின்றன. ஒவ்வொன்றிலும் அத்தனை அணு ஜோடிகளுக்கும் தூரம் கணக்கிட்டு, இது ஆகும், இது ஆகாது என்று குறிக்க வேண்டும்.

1963இல் அந்தக் கணக்கின் முடிவு ‘ஜர்னல் ஆஃப் மாலிக்யூலர் பயாலஜி’ இதழில் வந்தது. ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவர் பெயரில். இரண்டு கோணங்களையும் இரண்டு அச்சுகளாக வைத்து வரைந்த ஒரு சதுரப் படம். அதில் சில தீவுகள் மட்டும் அனுமதிக்கப்பட்ட பகுதி. சதுரத்தின் நான்கில் மூன்று பங்கு, அணுக்கள் இடித்துக்கொள்ளும் என்பதாலேயே தள்ளுபடியாகிவிடுகிறது. ‘ராமச்சந்திரன் வரைபடம்’ என்று உலகம் முழுவதும் பாடநூல்களில் இருப்பது இதுதான். இன்றைக்கும் ஒருவர் புதிய புரத அமைப்பைக் கண்டறிந்ததாகச் சொன்னால், அவருடைய கோணங்கள் இந்தத் தீவுகளுக்குள் விழுகின்றனவா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். கடல் நடுவே நிறையப் புள்ளிகள் இருந்தால் அந்த அமைப்பில் ஏதோ தவறு.

இந்த வரைபடம் எதிலிருந்து பிறந்தது என்பதுதான் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. 1954இல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், தோலிலும் தசைநாணிலும் இருக்கிற கொல்லாஜன் என்ற புரதத்துக்கு முப்புரியாகத் திரிந்த அமைப்பு ஒன்றை முன்வைத்தார்கள். அடுத்த ஆண்டே அதைத் திருத்தியும் எழுதினார்கள். பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் அதில் குறை கண்டார்கள்: சில அணுக்கள் இருக்கக் கூடாத அளவுக்கு நெருக்கமாக இருக்கின்றன என்று. கோபித்துக்கொண்டு பதில் எழுதுவது சுலபம். ராமச்சந்திரனின் குழு வேறொரு கேள்வியை எடுத்துக்கொண்டது: அணுக்கள் உண்மையில் எவ்வளவுதான் நெருங்கலாம்? அதுவரை வெளிவந்திருந்த படிக அமைப்புகளையெல்லாம் அலசி, எந்த அணு எந்த அணுவை எத்தனை தூரம் வரை நெருங்கியிருக்கிறது என்று பட்டியல் போட்டார்கள். அந்தத் தூரங்களை விதியாக வைத்துத்தான் மேற்சொன்ன கணக்கு நடந்தது. மாதிரியில் யாரோ ஒரு பிழையைச் சுட்டினார்கள். அந்தப் பிழை எங்கே இருக்கிறது என்று தேடிப்போனதில் மாதிரியைவிடப் பெரிய ஒன்று கிடைத்தது.

‘பிழைத்தல்’ என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். தவறுதல் ஒன்று, உயிர்தப்புதல் ஒன்று. அறிவியல் மாதிரிகளைப் பற்றி எழுதும்போதெல்லாம் இந்தச் சொல் கைக்கு வந்துவிடுகிறது. எங்கே தவறுகிறோம் என்று தெரிந்த மாதிரி தப்பிக்கிறது. தெரியாத மாதிரி, அழகான வண்ணப் படமாக ஆய்வேட்டில் உட்கார்ந்துவிடுகிறது.

கணினி மாதிரியாக்கத்தில் முனைவர் பட்டம் செய்யலாமா என்று யோசிக்கிற இளைஞர்களுக்காகத்தான் இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். இயற்பியல் படித்தவர்கள், வேதியியல் படித்தவர்கள், பொறியியல் முடித்துவிட்டு மென்பொருள் நிறுவன வேலையில் மனம் ஒட்டாதவர்கள் எல்லாரும் இதில் இருப்பார்கள். மாதிரி என்பது இயற்கையின் ஒரு துண்டைச் சில விதிகளாகச் சுருக்கி எழுதுவது. சிமுலேஷன் என்பது அந்த விதிகளை எண்களால் ஓட்டிப் பார்த்து, அடுத்த கணம் என்ன, அதற்கடுத்த கணம் என்ன என்று தொடர்வது. கணினி இதற்கு வேகம் தருகிறது. ஆனால் கணினிக்கு முன்பே இந்த வேலை இருந்தது என்பதைக் கிண்டி காட்டுகிறது. பிரான்சின் ஒரு போர்முனையும் காட்டுகிறது.

லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர் குவேக்கர் சமயத்தைச் சேர்ந்தவர். ஆயுதம் எடுக்க மாட்டார். முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டப் போனார். ஓய்வு கிடைத்தபோது, ஒரு குளிர்ந்த விடுதியில் வைக்கோல் குவியலை மேசையாக்கிக்கொண்டு, உலகின் முதல் எண்முறை வானிலைக் கணிப்பைக் கையால் போட்டார். 1910 மே 20ஆம் தேதி காலையில் ஐரோப்பாவின் மேல் காற்றும் அழுத்தமும் எப்படி இருந்தன என்ற தரவை எடுத்துக்கொண்டு, ஆறு மணி நேரத்தில் என்ன மாறும் என்று கணக்கிட்டார். ஆறு மணி நேரக் கணிப்புக்கு ஏறக்குறைய ஆறு வாரம் ஆயிற்று. 1917இல் நடந்த ஷாம்பேன் சண்டையின்போது கையெழுத்துப் பிரதி காணாமல் போய், பல மாதம் கழித்து பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தது. 1922இல் புத்தகமாக வந்தது.

விடை படுதோல்வி. ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் ஏறும் என்றது கணக்கு. இது எவ்வளவு பெரிய அபத்தம் என்று உணர ஓர் ஒப்பீடு: கடல்மட்டத்தில் இயல்பான அழுத்தம் சுமார் 1013, இதுவரை அளந்ததிலேயே மிக ஆழமான புயலான 1979இன் டிப் சூறாவளியின் மையத்தில் 870. அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அளவுக்கு, சாதாரண ஒரு நாளில், மதியத்துக்குள் அழுத்தம் மாறும் என்று அவர் விடை சொன்னது. உண்மையில் அன்று அழுத்தமானி பெரிதாக அசையவே இல்லை.

ரிச்சர்ட்சன் இந்த விடையை மறைக்கவில்லை. புத்தகத்தில் முழுக் கணக்கோடு அச்சிட்டார். அதனால்தான் பிறகு வந்தவர்களால் பிழை எங்கே என்று தேட முடிந்தது. சமன்பாடுகளில் அடிப்படைத் தவறு இல்லை. தொடக்கத் தரவில் காற்றும் அழுத்தமும் ஒன்றோடொன்று சரியாக ஒத்துப்போகவில்லை. குளத்தில் கல் எறிந்ததுபோல அந்தச் சின்ன முரண் வேகமான அலைகளைக் கிளப்பிவிட்டது. இயற்கையில் அவை அடங்கிவிடும். ஒரு கணத்தில் அழுத்தம் எந்த வேகத்தில் மாறுகிறதோ அதே வேகத்தை ஆறு மணி நேரத்துக்கும் நீட்டிய கணக்கில் அவை பூதாகரமாயின. பல பத்தாண்டுகள் கழித்து அயர்லாந்தின் வானிலையியலாளர் பீட்டர் லிஞ்ச், அதே தரவை எடுத்து, அந்த வேக அலைகளை வடிகட்டிவிட்டு, அதே முறையில் திரும்பப் போட்டார். மாற்றம் 1 ஹெக்டோபாஸ்கலுக்கும் குறைவாக வந்தது. ஆய்வு மாணவர்கள் எல்லாரும் இந்தக் கதையைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தவறான விடையை முழுதாக எழுதிவைத்தது ஒரு துறைக்கே அடித்தளமானது. 1950இல் சார்னி, ஃபியர்டாஃப்ட், ஃபான் நியூமன் ஆகியோர் எனியாக் கணினியில் 24 மணி நேரக் கணிப்பைப் போட்டபோது, அதற்கு ஏறக்குறைய 24 மணி நேரமே ஆனது. வானிலையின் வேகத்தைக் கணக்கு எட்டிப் பிடித்துவிட்டது.

இனி அணுக்களுக்கு வருவோம். 1927இல் ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான், அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் வேலை பார்த்தார். (ஆய்வகத்தின் பெயரும் அவர் ஆராய்ந்த வாயுவின் பெயரும் ஒலியில் நெருங்குவது தற்செயல்.) 1964இல் அவர் திரவ ஆர்கானைக் கணினிக்குள் செய்தார். 864 அணுக்கள். வெப்பநிலை சுமார் −179 பாகை செல்சியஸ். ஒவ்வோர் அணுவையும் மற்ற அணுக்கள் எவ்வளவு தள்ளுகின்றன, எவ்வளவு இழுக்கின்றன என்று கூட்டி, நியூட்டனின் விதிப்படி ஒரு நொடியின் நூறு லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரம் நகர்த்தி, மறுபடி கூட்டி, மறுபடி நகர்த்தி. அணுக்கள் பரவும் வேகம் சோதனைச்சாலையில் அளந்ததோடு நெருங்கி வந்தது. கூடவே எந்த அளவுகோலும் நேரடியாகக் காட்டாத ஒன்றும் தெரிந்தது: திரவத்தில் ஓர் அணு கொஞ்சம் நகர்ந்ததும் அண்டை அணுக்களில் மோதித் திரும்பி வருகிறது. கூட்டமான பேருந்தில் கதவை நோக்கி ஓரடி வைத்தவரை நெரிசல் பின்னுக்குத் தள்ளுவது மாதிரி. வாயுவில் அணு தன் போக்கில் போகும், திண்மத்தில் நின்ற இடத்தில் அதிரும். திரவத்தில் அது தற்காலிகக் கூண்டுக்குள் இருக்கிறது என்பது எண்களில் முதன்முதலாகத் தெளிவாயிற்று.

ஆர்கானுக்குப் போட்ட அதே முறையை உயிருக்குப் போட முடியுமா? இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்தில் ஷ்னேயோர் லிஃப்சனிடம் முனைவர் பட்ட மாணவராக இருந்த ஏரியே வார்ஷல், மூலக்கூறுகளின் பிணைப்புகளையும் கோணங்களையும் விசைகளாக எழுதும் பொதுவான முறையை உருவாக்கினார். கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டத்துக்குச் சேர்வதற்கு முன் அங்கே வந்த இளைஞர் மைக்கேல் லெவிட் அதற்கான நிரலை எழுதினார். 1977இல் மார்ட்டின் கார்ப்ளஸின் ஹார்வர்டு குழுவிலிருந்து ஆண்ட்ரூ மக்கேமன், புரூஸ் கெலின், கார்ப்ளஸ் ஆகியோர் முதன்முதலாக ஒரு புரதத்தின் அசைவைக் கணினியில் தொடர்ந்தார்கள். மாட்டுக் கணையத்திலிருந்து கிடைக்கும், 58 அமினோ அமிலங்களே கொண்ட சின்னப் புரதம். தொடர்ந்த நேரம் 9.2 பிகோநொடி, அதாவது ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒன்பது பங்கு. கண் சிமிட்டும் நேரத்தோடு ஒப்பிட்டால் இல்லை என்றே சொல்லலாம். ஆனாலும் புரதம் கல்லில் செதுக்கிய சிலை அல்ல, உள்ளுக்குள் திரவம்போல அலைந்துகொண்டே இருக்கிறது என்ற பார்வை அங்கேதான் தொடங்கியது. 2010இல், இதற்கென்றே தனியாகக் கட்டிய ஆன்டன் என்ற கணினியில், அதே புரதத்தை ஒரு மில்லிநொடி தொடர்ந்தார்கள். 33 ஆண்டில் பத்துக் கோடி மடங்கு. கார்ப்ளஸ், லெவிட், வார்ஷல் மூவருக்கும் 2013இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அதன் வேர் ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டில் இருக்கிறது.

இந்தத் துறையில் எனக்குப் பிடித்தது, ஒரே கணிதம் ஊர் ஊராகப் பயணம் போவது. இந்திய மருத்துவப் பணியில் இருந்து, கசௌலி பாஸ்டர் நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்த மக்கெண்ட்ரிக், 1927இல் கெர்மாக்குடன் சேர்ந்து தொற்றுநோய் பரவலுக்கு எழுதிய சமன்பாடுகளை 1905–06 பம்பாய் பிளேக் மரணக் கணக்கோடு ஒப்பிட்டார். தொற்றக்கூடியவர், தொற்றியவர், மீண்டவர் என்று மக்களைப் பிரிக்கிற அந்த முறைதான் 2020இல் உலகமெங்கும் கோவிட் கணிப்புகளுக்கு அடிப்படையாயிற்று. இரண்டு வேதிப்பொருள்கள் கலந்து வினைபுரிவதை எழுதும் சமன்பாட்டுக்கும் இதற்கும் வடிவத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வேதியியல் மாணவர் ஒருவர் கொள்ளைநோய் ஆய்வுக்குள் போய்ச் சங்கடமில்லாமல் உட்காரலாம்.

சுனாமியை எடுத்துக்கொள்வோம். நாலாயிரம் மீட்டர் ஆழக் கடலில் அது மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் வரும். இதை ஆழத்தை மட்டும் வைத்துப் பள்ளிக் கணக்காகவே போட்டுவிடலாம். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே நிலம் அதிர்ந்த பிறகு தமிழகக் கரையை அலை எட்ட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த நேரம் வீணாகப் போனதை நாகப்பட்டினம் மறக்காது. 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையத்தில் எச்சரிக்கை மையம் தொடங்கியபோது, கணக்கின் பயன்பாடே மாறியிருந்தது. நிலம் அதிர்ந்த பிறகு சிமுலேஷன் ஓட்ட நேரம் இராது. அதனால் எங்கே, எவ்வளவு பெரிய நடுக்கம் வந்தால் எந்தக் கரைக்கு எவ்வளவு உயர அலை எப்போது வரும் என்று ஏராளமான சாத்தியங்களை முன்கூட்டியே ஓட்டிச் சேமித்துவைக்கிறார்கள். நடுக்கம் வந்ததும் அதற்கு நெருக்கமானதைத் தேடி எடுக்கிறார்கள். என்ன கணக்கிடுவது என்பதோடு, எப்போது கணக்கிடுவது என்பதும் ஓர் ஆய்வுக் கேள்வி என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

தீராத கேள்விகளும் நம் வாசலிலேயே இருக்கின்றன. வால்பாறைப் பக்கம் மழை கொட்டும்போது கீழே பொள்ளாச்சி பெரும்பாலும் காய்ந்து கிடக்கும். மாதிரியில் வளிமண்டலத்தைக் கட்டங்களாகப் பிரிக்கிறோம். 2025 மே மாதம் புனேயின் வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய பாரத் கணிப்பு முறை நடைமுறைக்கு வந்தபோது ஒரு கட்டம் 12 கிலோமீட்டரிலிருந்து 6 கிலோமீட்டராகச் சுருங்கியது. ஆனால் ஒரு மழைமேகம் அதைவிடச் சிறியதாக இருக்க முடியும். கட்டத்துக்குள் அடங்காத மேகத்தைக் கட்டத்தின் மொழியில் எப்படிச் சொல்வது? உலகின் எல்லா வானிலை மையங்களிலும் இன்னும் முடிவாகாத கேள்வி இது. மேற்குத் தொடர்ச்சி மலை இதற்கு இயற்கை கட்டிவைத்த சோதனைச்சாலை.

இனி ஒரு முனைவர் பட்ட மாணவரின் நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வண்ண வண்ணமாகச் சுழலும் மூலக்கூறு தெரியும். உள்ளே இருப்பவருக்கு நாளின் பெரும்பகுதி பிழை தேடுவதில் போகிறது. முதல் ஆண்டில் பெரும்பாலும் வேறொருவர் ஏற்கெனவே பெற்ற விடையைத் திரும்பப் பெறுவதே வேலை. அதற்கே மாதங்கள் ஆகும், ஆகட்டும். பிறகு, நேரப்படியைப் பாதியாக்கினால் விடை மாறுகிறதா, பெட்டியைப் பெரிதாக்கினால் மாறுகிறதா, வேறு தொடக்க நிலையிலிருந்து ஓட்டினால் மாறுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்பார்கள். சமன்பாட்டைச் சரியாகத் தீர்த்தேனா? தீர்த்தது சரியான சமன்பாட்டையா? முதலாவதற்குக் கணிதம் பதில் சொல்லும். இரண்டாவதற்குச் சோதனைச்சாலையிடமும் வயல்வெளியிடமும் போய்த்தான் கேட்க வேண்டும். சோதனை செய்பவர்களோடு பழகாத மாதிரியாளர் இரண்டாவது கேள்வியைக் கேட்காமலே பட்டம் வாங்கிவிடக் கூடும். அது பெரிய இழப்பு.

சில சமயம் பிழை என்று தோன்றுவது பிழையாக இராது. 1953இல் லாஸ் அலமாஸில் ஃபெர்மி, பாஸ்டா, ஊலாம் மூவரும் சுருள்வில்லால் இணைத்த எடைகளின் வரிசையை மேனியாக் கணினியில் ஓட்டினார்கள். ஓர் அதிர்வில் செலுத்திய ஆற்றல் மெல்ல எல்லா அதிர்வுகளுக்கும் பரவிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். கொஞ்சம் பரவியது, பிறகு தொடங்கிய இடத்துக்கே ஏறக்குறைய முழுதாகத் திரும்பி வந்தது. இயந்திரக் கோளாறு என்று ஒதுக்கியிருக்கலாம். ஒதுக்காததால் ஒரு புதிய கணிதக் கிளைக்கு வாசல் திறந்தது. அந்த நிரலை எழுதி ஓட்டியவர் மேரி சிங்கு என்ற இளம்பெண். 1955 அறிக்கையின் முகப்பில் வேலை செய்தவர்கள் வரிசையில் அவர் பெயர் உண்டு, எழுதியவர்கள் வரிசையில் இல்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் அந்தக் கணக்கு மூன்று ஆண்களின் பெயரால் மட்டுமே வழங்கியது. 2008இல்தான் அவர் பெயரையும் சேர்க்க வேண்டும் என்ற குரல் எழுந்தது. இன்று பலர் சேர்த்தே சொல்கிறார்கள். நிரல் எழுதுவதை ‘உதவி’ என்று மட்டும் கருதும் குழுவில் சேர்வதற்கு முன் ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள். இந்தத் துறையில் நிரல்தான் சோதனைக் கருவி. அதைக் கட்டியவர் ஆய்வாளர்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி சிமுலேஷன் எதற்கு என்று மாணவர்கள் கேட்கிறார்கள். ஜான் ஜம்பரின் பாதையைப் பாருங்கள். ஆன்டன் கணினியைக் கட்டிய டி. ஈ. ஷா ஆய்வகத்தில் புரத சிமுலேஷன் செய்தார். பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தில், புரதம் மடிவதைக் குறைந்த கணிப்பில் பிடிக்க இயந்திரக் கற்றலைப் பயன்படுத்தி 2017இல் முனைவர் பட்டம் பெற்றார். அங்கிருந்து டீப்மைண்ட், 2020இல் ஆல்ஃபாஃபோல்டின் வெற்றி, 2024இல் வேதியியல் நோபலில் பங்கு. ஆல்ஃபாஃபோல்டு கற்றுக்கொண்டது எதிலிருந்து? 1971 முதல் உலகெங்கும் ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகச் சேர்த்துவைத்த புரத அமைப்புக் களஞ்சியத்திலிருந்து. அதேபோல, இன்று வியக்கவைக்கும் இயந்திரக் கற்றல் வானிலைக் கணிப்புகள் பயின்ற பழைய வானிலை ஆவணம், அளவீடுகளை இயற்பியல் மாதிரிக்குள் செலுத்தி உருவாக்கப்பட்டது. இவை மாதிரிகளை விழுங்கவில்லை, மாதிரிகளின் தோளில் நிற்கின்றன. வரலாற்றில் இல்லாத ஒரு புயல் வந்தால் இவை என்ன சொல்லும், ஆற்றல் அழிவின்மையை மதிக்குமா என்பவை புத்தம் புதிய ஆய்வுக் கேள்விகள். ஆல்ஃபாஃபோல்டு ஒரு புரதத்தின் நின்ற கோலத்தைக் காட்டுகிறது. அது எப்படி அசைகிறது, மருந்தை எப்படிப் பிடித்து எப்படி விடுகிறது என்பதில் செய்ய வேண்டியது மலையளவு இருக்கிறது.

வழிகளைப் பற்றிச் சுருக்கமாக. இந்தியாவில் ‘கணினி மாதிரியாக்கம்’ என்ற பெயரில் தனி நுழைவுத்தேர்வு இல்லை. தாய்த்துறை வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். சிஎஸ்ஐஆர்–யுஜிசி நெட் தேர்வு வேதியியல், புவி அறிவியல், உயிரியல், கணிதம், இயற்பியல் என்று ஐந்து அறிவியல் பிரிவுகளில் நடக்கிறது. பொறியியலாளர்களுக்கு கேட், இயற்பியலாளர்களுக்கு ஜெஸ்ட். 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000. 2018இல் வந்த பிரதமரின் ஆய்வு உதவித்தொகை 70,000 ரூபாயில் தொடங்கியது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கணிப்பு, தரவு அறிவியலுக்கென்றே தனித் துறை உண்டு. 1962இல் தொடங்கி, இப்போது தரமணியில் இயங்கும் கணித அறிவியல் நிறுவனத்தில் கணிப்பு உயிரியல் குழு இருக்கிறது. ராமச்சந்திரன் வளர்த்த துறை கிண்டியில் படிகவியல், உயிர் இயற்பியல் உயராய்வு மையமாகத் தொடர்கிறது. 2022 மே மாதம் திருச்சி தேசிய தொழில்நுட்பக் கழகத்தில் ‘பரம் பொருள்’ என்ற மீக்கணினி வந்தது. அதன் உச்சத் திறன் நொடிக்கு 838 லட்சம் கோடிக் கணக்குகள்.

வெளிநாட்டில் முறை நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மனி, நெதர்லாந்து, வடஐரோப்பிய நாடுகளில் முனைவர் பட்ட இடம் பெரும்பாலும் சம்பளத்துடன் கூடிய வேலை. விளம்பரம் வரும், அந்தக் குறிப்பிட்ட தலைப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மரி ஸ்க்லடோவ்ஸ்கா கியூரி முனைவர் வலையமைப்புகள் எந்த நாட்டவருக்கும் திறந்தவை. ஒரு நிபந்தனை முக்கியம்: சேரும் நாட்டில் முந்தைய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. இந்தியாவிலிருந்து நேரடியாகப் போகிறவருக்கு இது சாதகம்தான். அமெரிக்காவில் முதலில் வகுப்புகள், பிறகு ஆய்வு என ஐந்தாண்டுக்கு மேலும் ஆகலாம்.

இவை எல்லாவற்றையும்விட நெறியாளரின் தேர்வு பெரிது. மாணவர்கள் வாயில் ‘கைடு’. அவருடைய கட்டுரைகளில் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். தன் மாதிரி எங்கே தவறுகிறது என்று அவர் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். குழுவின் நிரலும் தரவும் பிறர் பார்க்கத் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இப்போதைய மாணவர் ஒருவரிடம், கடைசியாகத் தவறான விடை வந்தபோது குழுக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள். அந்தப் பதிலிலேயே உங்கள் ஐந்தாண்டு தெரிந்துவிடும்.

சிறிய ஊரில், சிறிய கல்லூரியில் இருக்கிறேன், மீக்கணினிக்கு எங்கே போவேன் என்று தயங்குகிறவருக்கு ஒரு வேண்டுகோள். ரஹ்மானின் 1964 கணக்குக்கு அன்று ஒரு தேசிய ஆய்வகத்தின் பெருங்கணினி தேவைப்பட்டது. இன்று உங்கள் மடிக்கணினி அதைத் தாராளமாகச் செய்யும். குரோமாக்ஸ், லாம்ப்ஸ் போன்ற மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, ஆனால் முதல் முறை அவற்றைத் தொடாதீர்கள். 864 அணுக்கள், ஒரு பெட்டி, நியூட்டனின் விதி; சில நூறு வரிகளில் நிரலை நீங்களே எழுதுங்கள். ஓட்டுங்கள். மொத்த ஆற்றல் மாறாமல் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால், ஏன் என்று கண்டுபிடித்த பிறகு விண்ணப்பம் எழுத உட்காருங்கள். விண்ணப்பத்தின் முதல் பத்தியில் அந்தக் கண்டுபிடிப்பையே எழுதுங்கள்.